ஷரீஷை மதுக்கடைக்கு எழுதிக் கொடுத்தவர் யார்?

ஓர் ஊரின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் மதுக்குப்பி ஒன்று மனக்கண்முன் வந்து நிற்குமாயின், அவ்வூருக்கு அதனினும் பெரிய அநீதி வேறு வேண்டுவதில்லை. ஸ்பெயின் நாட்டின் தென்கோடியில், காதிஸ் மாகாணத்தில் உள்ள ஹெரெஸ் நகருக்கு நேர்ந்திருப்பது இதுவே. விடுமுறைப் பயணத்துக்கு வழிகாட்டும் நூல் எதை வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள். திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த அமைதியான ஊர், ஓய்வாக மூன்று நாள் கழிக்க உகந்தது என்று தொடங்குவார்கள். பிறகு திட்டம் வகுப்பார்கள். காலையில் ஒரு மதுக்கிடங்கு, பகலில் மற்றொரு மதுக்கிடங்கு, மாலையில் ‘தபாங்கோ’ எனப்படும் பழைய மதுக்கடை. மறுநாளும் இதே வரிசை. இடையே நேரம் மிஞ்சினால் பழைய கோட்டையையும் எட்டிப் பார்க்கலாமாம். நேரம் மிஞ்சினால்!

நம்மவர்கள் இதைப் படித்துவிட்டு ஊரையே ஒதுக்கி வைத்துவிடுகின்றனர். குர்துபா, இஷ்பீலியா, கர்னாத்தா என்று முஸ்லிம் பயணிகளுக்கெனச் சுற்றுலா நடத்துவோர் இஷ்பீலியாவிலிருந்து இரயிலில் சுமார் ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள ஹெரெஸைப் பெரும்பாலும் தொடுவதில்லை. காரணம் கேட்டால் அது மது ஊர் என்பர். ஆக, விற்கிறவனும் விலகுகிறவனும் ஒரே முடிவுக்குத்தான் வந்திருக்கின்றனர்: அந்த ஊர் மதுவுக்கே உரியது, மதுவை நீக்கினால் அங்கே எதுவும் இல்லை. இவ்விரு சாராரையும் மறுத்தே இதனை எழுதுகிறேன்.

எழுதத் தூண்டிய காரணத்தையும் கூறிவிடுகிறேன். என்னிடம் சில ஆண்டுகள் அரபி ஓதிய மாணவர் ஒருவர் தற்போது ஜெர்மனியில் பொறியாளராக இருக்கிறார். உடன் பணிபுரியும் நண்பர்கள் குடும்பத்துடன் ஹெரெஸில் மூன்று நாள் தங்கி இளைப்பாறத் திட்டமிட்டு இவரையும் அழைத்திருக்கின்றனர். ஊரிலிருந்து வந்து அவருடன் தங்கியிருக்கும் தந்தையார், “குடிகாரர் ஊருக்குக் குடும்பத்தோடு போவதா? அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே” என்று கூறிவிட்டாராம். நண்பர்களோ, “நீ குடிக்க வேண்டாம், கூட வந்து கிடங்கைச் சுற்றிப் பார், அதில் என்ன தவறு?” என்கின்றனராம். இரண்டுக்கும் நடுவில் நின்று, ஹஸரத் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறார். அவருக்கு எழுதிய மறுமொழியைச் சற்று விரித்து வாசக நேயர்கள் முன் வைக்கிறேன். இந்தக் கேள்வி இன்று நம் இல்லங்கள் பலவற்றில் எழக்கூடியது.

முதலில் பெயர். அரபிகள் அவ்வூரை ஷரீஷ் என்றனர். பழைய ஸ்பானிய மொழியில் ‘ஷ’கர ஒலி இருந்தவரை அவர்களும் ஏறக்குறைய அவ்வாறே ஒலித்தனர். பின்னர் அந்த ஒலி தொண்டைக்குள் இறங்கி, நம் அரபி ‘கா’ எழுத்தின் உச்சரிப்பை நெருங்கிற்று. ஷரீஷ் ஹெரெஸ் ஆயிற்று. ஆங்கிலேயர் பழைய ஒலியைக் காதில் வாங்கி, அங்கிருந்து வந்த மதுவை ‘ஷெரிஸ்’ என்றனர். ஈற்றில் உள்ள ‘ஸ்’ பன்மை விகுதி போலும் என்று எண்ணி அதனை வெட்டி எறிந்தனர். எஞ்சியதுதான் ‘ஷெர்ரி’. இலக்கணம் அறியாதவன் கையில் சொல் படும் பாட்டுக்கு இதனினும் நல்ல சான்றை என் மாணவர்களுக்கு நான் காட்டியதில்லை. 1587இல் ஆங்கிலக் கடலோடி டிரேக், காதிஸ் துறைமுகத்தைத் தாக்கியபோது சுமார் 2,900 பீப்பாய் மதுவை அள்ளிச் சென்றான் என்பர். கொள்ளைப் பொருள் ஒரு நாட்டின் விருப்பப் பொருளான கதை அது. 1935இல் அந்த மதுவுக்கென ஒழுங்குமுறைக் கழகம் ஒன்று அமைக்கப்பட்டது. ஹெரெஸ், ஸெரெஸ், ஷெர்ரி என்று ஸ்பானியம், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மும்மொழிப் பெயர்களையும் சேர்த்தே அக்கழகம் மதுவுக்குப் பெயராக வழங்குகிறது. அரபி மூலம் மட்டும் அதில் இல்லை. இல்லாததும் நன்றே!

ஆனால் அந்த அரபிப் பெயர் வேறோரிடத்தில் இருக்கிறது. நம் நாட்டு மதரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதிக்கொடுக்கப்பட்டு வரும் இலக்கிய நூல் ‘மகாமாத்துல் ஹரீரி’. பஸராவைச் சேர்ந்த ஹரீரி ஹிஜ்ரி 516இல் மறைந்தவர். அவருடைய ஐம்பது மகாமாக்களுக்கும் எழுந்த உரைகளுள் பெரும்புகழ் பெற்றது அபுல் அப்பாஸ் அஹ்மது இப்னு அப்துல் முஃமின் அஷ்ஷரீஷீ அவர்கள் எழுதியது. பெரிது, நடுத்தரம், சிறிது என மூன்று அளவில் அவர் உரை வரைந்தார். ஷரீஷ் ஊரினர் என்பதால் ஷரீஷீ. ஹிஜ்ரி 619, அதாவது 1222இல் மறைந்தார். 19ஆம் நூற்றாண்டில் கெய்ரோவின் பூலாக் அச்சகத்தில் அச்சேறிய அந்தப் பேருரை, சொற்பொருள் கூறுவதோடு நில்லாமல் கவிதை, வரலாறு, பழமொழி, நகைச்சுவை என அரபி இலக்கியத்தின் களஞ்சியமாகவே விரிந்து செல்லும். ஓர் அரிய சொல்லுக்கு விளக்கம் தேடிப் போனவன் அரைநாள் கழித்துத்தான் திரும்புவான்.

அந்த மகாமாத்தின் முதற் கதையே என்ன? ஸன்ஆ நகரில் ஒரு மனிதர் நெஞ்சுருக உபதேசம் செய்கிறார். கூட்டம் கண்ணீர் வடிக்கிறது, காசும் தருகிறது. கதைசொல்லியான அல்ஹாரிஸ் இப்னு ஹம்மாம் அவரைப் பின்தொடர்ந்து குகைக்குள் நுழைந்தால், அங்கே வெள்ளை ரொட்டியும் வாட்டிய ஆட்டுக்குட்டியும் எதிரே ஒரு நபீத் குடுவையுமாக அமர்ந்திருக்கிறார் அந்த உபதேசியார்! அவரே அபூ ஸைத் அஸ்ஸரூஜி. வெளியே வேறு, உள்ளே வேறாக வாழும் மனிதனைத் தோலுரிக்கும் அந்த நூலை, பதின்ம வயது மாணவர்களுக்கு ஓதிக்கொடுக்க நம் பெரியோர் அஞ்சவில்லை. அதற்கு உரை எழுதிய இமாம் பிறந்த ஊருக்கு ஒருவர் குடும்பத்துடன் போக மட்டும் நாம் அஞ்சுகிறோம்.

நிற்க. அந்தலுஸ் அரபிகள் யாவரும் மதுவைத் தீண்டாத மாந்தர் என்று கூற நான் வரவில்லை. அவர்களுடைய கவிதைகளைப் படித்தவர் எவரும் அப்படிக் கூறமாட்டார். ஷரீஷின் கொடிகளைப் பற்றி அங்குள்ள மது வணிகர்களே ஒரு கதை சொல்வார்கள். 966ஆம் ஆண்டில் கலீபா இரண்டாம் ஹகம் திராட்சைக் கொடிகளை வேரோடு பிடுங்கும்படி ஆணையிட்டாராம். இப்பழங்களை உலர்த்திப் படைவீரர்களுக்கு உணவாக அனுப்புகிறோம் என்று ஊரார் முறையிட, மூன்றில் ஒரு பங்கு கொடிகளே அழிக்கப்பட்டனவாம். தங்கள் முன்னோர் கலீபாவை ஏய்த்த சாமர்த்தியமாக இதனை அவர்கள் சொல்லி மகிழ்வர். கதையாகவே இருக்கட்டும். அக்கதையிலும் அந்த மண்ணைக் காப்பாற்றியது மது அன்று, உலர்ந்த திராட்சை! பேரீச்சையிலிருந்தும் திராட்சையிலிருந்தும் மனிதர் போதையையும் எடுக்கின்றனர், நல்ல உணவையும் எடுக்கின்றனர் என்னும் கருத்தைத் திருமறையின் ‘நஹ்ல்’ அத்தியாயத்தில் காண்கிறோம். கொடியின் மீது குற்றமில்லை.

இன்னொரு சாரார் உளர். அவர்களைக் கண்டால்தான் எனக்கு உண்மையில் சினம் வருகிறது. வாலை வடிக்கும் கலையை ஐரோப்பாவுக்குக் கற்பித்தவர் நாமே, ‘ஆல்கஹால்’ என்பதே அரபிச் சொல்தான், ஆகவே ஷெர்ரியும் நம் கொடையே என்று மேடையில் முழங்கும் பெருமையாளர்கள். ஐயா, ‘அல்குஹ்ல்’ என்பது கண்ணுக்கிடும் சுர்மா மையின் பெயர். நுண்ணிய பொடிக்கு வழங்கிய சொல் ஐரோப்பியர் நாவில் வடிபொருளுக்கும் பின்னர் சாராயத்துக்கும் ஏறிற்று. நம் பெண்களின் கண்ணழகைக் குறித்த சொல் கள்ளுக்கடைப் பலகைக்குப் போனது பெருமைக்குரிய செய்தியா? திராட்சை மதுவில் வடித்த சாராயத்தையும் கலந்து போதையைக் கூட்டுவதே ஷெர்ரியின் செய்முறை. பெருமை கொள்ள அந்த மண்ணில் வேறு பொருள்கள் உண்டு.

என்னென்ன? ஊர் நடுவே அல்காஸர் கோட்டை நிற்கிறது, அரபியில் ‘அல்கஸ்ர்’. முவஹ்ஹிதுகள் 12ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. அதனுள்ளே ஒரு சிறிய பள்ளிவாசல் நின்றிருக்கிறது. சதுரக் கூடம், மேலே எண்கோணமாக எழும் குவிமாடம், மிஹ்ராப், உளூச் செய்ய முற்றம். அருகே குளியலகம், குளிர்ந்த அறை, வெதுவெதுப்பான அறை, வெப்ப அறை என்று வரிசையாக, கூரையில் நட்சத்திர வடிவில் வெட்டிய துளைகள் வழியே ஒளி இறங்கும். 1264இல் பத்தாம் அல்ஃபோன்சோ மன்னன் ஊரைக் கைப்பற்றியபின் அந்தப் பள்ளியைக் கன்னி மரியம் பெயரில் ஆலயமாக்கினான். பெரிய ஜும்ஆ பள்ளி இருந்த இடத்தில் இன்று நிற்பது 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி 18ஆம் நூற்றாண்டில் கட்டி முடித்த பேராலயம். முஸ்லிம்களை வெளியேற்றி அவர்தம் வீடுகளைத் தெருத்தெருவாக, வீடுவீடாகக் கணக்கெடுத்துக் குடியேறியோருக்குப் பங்கிட்ட பதிவேடு நம் காலம்வரை வந்து, அச்சிலும் வெளியாகியுள்ளது. வீட்டை அரசன் எழுதிக் கொடுத்தான். அதற்கு நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஊரின் பெயரையும் நினைவையும் மதுக்கடைக்கு எழுதிக் கொடுத்தவர் யார்? அதில் கையொப்பமிட்டவர்களுள் போகாமல் இருந்த நாமும் உண்டு என்பதே என் வழக்கு.

அக்கோட்டைக்குள்ளேயே பிற்காலத்தில் கட்டிய மாளிகை ஒன்றின் கோபுரத்தில் இருட்டறைக் கருவி ஒன்றை அமைத்திருக்கின்றனர். சிறு துளையும் கண்ணாடியும் வழியே ஊர் முழுவதும் ஒரு வெண்தட்டில் உயிருடன் நகர்வதைக் காட்டுவது அது. இருட்டறைக்குள் ஒளி புகும் விதத்தைச் சோதனை செய்து எழுதிய இப்னுல் ஹைஸம் அவர்களின் பெயரை அங்கே போகும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு தந்தையோ தாயோ வேண்டாமா? குர்துபாவுக்கு மட்டும் போய்ப் புகைப்படம் எடுத்துத் திரும்பினால் போதுமா?

இனி, நண்பர்கள் கேட்ட கேள்வி. குடிக்காமல் கிடங்கைச் சுற்றிப் பார்ப்பதில் என்ன தவறு? அந்தச் சுற்றின் நோக்கமே இறுதியில் மேசையில் வந்து அமர்வது. மது சுற்றி வரும் விரிப்பில் அமர வேண்டாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஹதீஸ் நூல்களில் வந்துள்ளது. பிழிபவன், சுமப்பவன், விற்பவன், வாங்குபவன் எனப் பத்து நபர்கள் மது தொடர்பாகச் சபிக்கப்பட்டுள்ளனர். நுழைவுச் சீட்டுக்குக் காசு கொடுப்பவர் அந்தப் பத்துக்கு அருகில் போய் நிற்பானேன்? ஆகவே தம்பி, ஊருக்குப் போங்கள், கிடங்குக்குப் போகாதீர்கள். நண்பர்களிடம் இதனை மழுப்பாமல், முகம் சுளிக்காமல், முன்கூட்டியே கூறிவிடுங்கள். வயிற்று வலி என்று பொய் சொல்லி அறையில் படுத்துக்கொள்வது அபூ ஸைதின் வழி.

தந்தையாருக்கும் பணிவுடன் ஒன்று கூற வேண்டும். மது விற்கும் ஊர் ஆகாது எனில் தங்கள் மகனார் வசிக்கும் ஜெர்மனியில் எந்த ஊர் ஆகும்? நம் தமிழகத்தில் அரசாங்கமே கடை வைத்து விற்கும் ஊர்களில் நாம் வாழவில்லையா? ஊரால் வரும் கேடும் மேசையால் வரும் கேடும் வேறு வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக் கூறினால் பிள்ளைகள் முதலில் ஊர்த் தடையை மீறுவார்கள். மீறியும் வானம் இடிந்து விழவில்லை என்று கண்டபின் மேசைத் தடையையும் அதுபோலவே நினைப்பார்கள். எனக்கு அச்சம் அந்த இடத்தில்தான். இளைப்பாறுதல் என்றாலே கிண்ணம் என்று வெளியுலகம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கையில், கிண்ணம் இல்லாத ஓய்வைப் பிள்ளைகளின் கண்ணில் காட்டாமல், வேண்டாம் என்ற ஒரு சொல்லை மட்டும் கொடுத்தால் அது எத்தனை நாளைக்குத் தாங்கும்?

அந்த ஓய்வைத் திட்டமிட்டே செய்ய வேண்டும். காலம் முதலில். செப்டம்பரில் கொடியறுப்பு விழா. மே மாதத்தில் குதிரைச் சந்தை. அதனையொட்டி மோட்டார் சைக்கிள் பந்தயம். அந்நாட்களில் விடுதிக் கட்டணம் ஏறும், தெருவெல்லாம் குடியும் கூத்தும். ஜூலை, ஆகஸ்ட் வெயில் முதியோருக்கு ஆகாது. அக்டோபர் இறுதியோ நவம்பரோ நன்று. பழைய நகரில் கோட்டைக்கு நடந்து போகும் தூரத்தில் அறை எடுங்கள். அறையிலுள்ள குளிர்பெட்டியை வெறுமையாக்கித் தரும்படி முன்னரே எழுதிவிடுங்கள்.

முதல் நாள் எதையும் பார்க்க வேண்டாம். பகல் இரண்டு மணிக்குக் கடைகள் அடைபட்டு ஊரே உறங்கும், நீங்களும் உறங்குங்கள். ஸ்பானியர் இதனைச் ‘சியெஸ்தா’ என்பர். இதையும் அரபிச் சொல் என்று யாரேனும் உங்களிடம் கூறினால் நம்பாதீர்கள். ஆறாம் மணி எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. ஆனால் நண்பகலில் ‘கைலூலா’ உறங்குவது நபித்தோழர்களின் வழக்கம் என்பதை ஹதீஸ் படித்தவர் அறிவர். மாலையில் எழுந்து ஆரஞ்சு மரங்கள் நிற்கும் தெருக்களில் நடந்தால் போதும். இரண்டாம் நாள் கோட்டை, பள்ளி, குளியலகம். அந்தப் பள்ளி இப்போது காட்சியகம், தொழுமிடம் அன்று என்பதை நினைவிற் கொள்க; காவலரிடம் வாதாடி மனைவி மக்களைத் தலைகுனியச் செய்ய வேண்டாம். குதிரைகளில் விருப்பமுள்ள பிள்ளைகளை 1973இல் தோன்றிய குதிரையேற்றக் கலைப் பள்ளிக்கு அழைத்துப் போகலாம்.

மூன்றாம் நாள் பேருந்தில் சுமார் 30 கிலோமீட்டர் கிழக்கே உள்ள ஆர்க்கோஸுக்குச் செல்லுங்கள். செங்குத்தான பாறையின் விளிம்பில் வெள்ளை வீடுகள். கீழே குவாதலேதே ஆறு வளைந்தோடும். ‘குவாத்’ எனத் தொடங்கும் ஸ்பானிய ஆறுகளின் பெயரில் நம் ‘வாதி’ ஒளிந்திருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 711இல் தாரிக் இப்னு ஸியாத் அவர்களின் படை மன்னன் ரொதெரிக்கை முறியடித்தது இவ்வாற்றின் கரையில்தான் என்று பலர் எழுதியுள்ளனர். வேறிடம் கூறுவாரும் உளர். ஆற்றைப் பார்த்து அமர்ந்திருக்க எது சரி என்று முடிவு செய்ய வேண்டியதில்லை.

தொழுகையில் சிக்கல் இல்லை. வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக முழுமையாக நான்கு நாள் தங்கும் எண்ணம் இல்லாதவரை ஷாபிஈ மத்ஹபின்படி நீங்கள் பயணியே. கஸ்ராகவும் ஜம்உ ஆகவும் தொழலாம். ஹனபி மத்ஹபில் கஸ்ர் பதினைந்து நாளுக்குக் குறைந்த தங்கலுக்கு உண்டு, ஜம்உ இல்லை.

உணவில்தான் விழிப்பு வேண்டும். பட்டியலில் ஒரு பண்டத்தின் பெயருக்குப் பின் ‘அல் ஹெரெஸ்’ என்று கண்டால் ஊர்ப்பற்று என்று எண்ணிவிடாதீர்கள். ஷெர்ரியில் வேகவைத்தது என்று பொருள். மாட்டுவால் குழம்பிலும் பெரும்பாலும் மது சேரும். கொண்டைக்கடலைக் குழம்பில் பன்றி இருக்கும். பொரித்த கடல்மீன் அங்கே நன்றாயிருக்கும். கடாயில் வேறென்ன பொரித்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்க. எல்லாவற்றினும் மேலாக ‘மொஸ்தோ’. ஸ்பெயினின் பிற பகுதிகளில் இச்சொல் புளிக்காத திராட்சைச் சாற்றைக் குறிக்கும். ஹெரெஸ் வட்டாரத்திலோ அவ்வாண்டு புளித்த புது மதுவுக்கே மொஸ்தோ என்று பெயர். நான் சொன்ன நவம்பரில்தான் அது கடைக்கு வரும். மாத்ரீதில் குடித்துப் பழகிய பிள்ளை இங்கும் நம்பிக் கேட்டுவிடுவான்.

ஹெரெஸின் காடியைப் பற்றியும் மாணவர் கேட்டிருந்தார். உலகப் புகழ் பெற்ற வினிகர் அது. காடி நல்ல குழம்பு என்று பெருமானார் (ஸல்) அவர்கள் பாராட்டியது உண்மை. மது தானாகப் புளித்துக் காடியானால் தூய்மை என்பதில் இரு மத்ஹபும் ஒன்றே. வேறு பொருளைச் சேர்த்துக் காடியாக்கினால் ஷாபிஈ இமாம் அவர்களிடம் அது ஆகாது. அபூ ஹனீபா இமாம் அவர்களிடம் ஆகும். இக்காலத்தில் பழைய காடியின் உறையை இட்டுச் செய்வதே பெருவழக்கு. மாணவர் ஷாபிஈ, அவர் மனைவி வீட்டார் ஹனபி. ஆகவே மீன் வந்ததும் அம்மையார் விரும்பினால் காடி ஊற்றிக்கொள்ளட்டும். நம் மாணவர் எலுமிச்சம்பழம் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.